ஸ்கீமாவால் சரிபார்க்கப்படும் மரக்கணுக்களுக்கான ஜாவா இடைமுகம்: சரிபார்ப்பை எங்கே வைப்பது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ரௌட்டர், ஸ்விட்ச் போன்ற சாதனங்களின் கான்ஃபிகரேஷனை யாங் என்ற, கான்ஃபிகரேஷன் தரவின் அமைப்பை விவரிக்கும் மொழியில் எழுதப்பட்ட ஸ்கீமாக்களின்படி (தரவில் எவை எப்படி இருக்கலாம் என்ற வரையறைகளின்படி) படித்து, திருத்தி, நெட்கான்ஃப் என்ற நெறிமுறை வழியாகத் திரும்ப அனுப்பும் ஒரு ஜாவா லைப்ரரியை எழுதி வருகிறேன். தரவு மர வடிவில் இருக்கிறது. மரத்தின் ஒவ்வொரு கணுவுக்கும் ஸ்கீமாவில் ஒரு வரையறை உண்டு. குழப்பம் நேராதிருக்க ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "இடைமுகம்" என்று நான் எழுதுமிடமெல்லாம் ஜாவா மொழியின் இன்டர்ஃபேஸையே குறிக்கும், சாதனத்தில் கேபிள் செருகும் இன்டர்ஃபேஸை "போர்ட்" என்றே எழுதுகிறேன்.

இப்போது என்னிடம் கணு என்ற ஒரே இடைமுகம் இருக்கிறது. பெயர், மதிப்பு, சேய்க்கணுக்கள், தாய்க்கணு ஆகியவற்றைத் தரும் மெத்தடுகளும், மதிப்பை மாற்றவும் சேயைச் சேர்க்கவும் நீக்கவும் உதவும் மெத்தடுகளும் அதில் உள்ளன. மாற்றும் மெத்தட் ஒவ்வொன்றும் அழைக்கப்பட்ட உடனேயே ஸ்கீமாவைப் பார்த்து, விதி மீறப்பட்டால் எக்ஸப்ஷன் எறிகிறது. இப்படிச் செய்தால் தவறான மரம் ஒன்று நினைவகத்தில் இருக்கவே முடியாது என்று நம்பித்தான் தொடங்கினேன்.

அந்த நம்பிக்கை இரண்டு இடங்களில் உடைந்தது. டிஎச்சிபி (சாதனங்களுக்கு ஐபி முகவரியைத் தானாக வழங்கும் நெறிமுறை) முகவரித் தொகுப்பு ஒன்றுக்குத் தொடக்கம், இறுதி என்று இரண்டு இலைகள் (மதிப்பு மட்டும் கொண்ட, சேய்கள் இல்லாத கணுக்கள்) இருக்கின்றன; இறுதி தொடக்கத்தைவிடக் குறையக்கூடாது என்று ஸ்கீமாவில் ஒரு மஸ்ட் விதி (கட்டாயம் உண்மையாக இருக்க வேண்டிய நிபந்தனை) இருக்கிறது. 192.168.1.10 முதல் 192.168.1.50 வரை இருந்த தொகுப்பை 100 முதல் 150 வரை என்று மாற்றப் போனேன். தொடக்கத்தை முதலில் 100 ஆக்கினால், இறுதி இன்னும் 50 ஆகவே இருப்பதால் எக்ஸப்ஷன் வருகிறது. இறுதியை முதலில் மாற்றினால் வேலை முடிகிறது. ஆனால் அதே தொகுப்பைப் பழைய நிலைக்குத் திரும்பக் கொண்டுவர, தொடக்கத்தை முதலில் மாற்ற வேண்டும். அழைப்பவர் எந்த வரிசையில் மாற்ற வேண்டும் என்பது பழைய மதிப்பையும் புதிய மதிப்பையும் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கிறது.

இரண்டாவது இடம் இன்னும் எளியது. ஆர்எஃப்சி 8343 (ஆர்எஃப்சி என்பது இணையத் தர ஆவணம்) வரையறுக்கும் போர்ட் பட்டியலில் ஒவ்வொரு உறுப்புக்கும் டைப் என்ற இலை கட்டாயம். ஈத்0 என்ற பெயரில் புதிய உறுப்பைப் பட்டியலில் சேர்த்த நொடியில் அதற்கு டைப் இல்லை. ஆகவே அதை உருவாக்கவே முடியவில்லை.

இதைச் சமாளிக்க, மாற்றும் மெத்தடுகளிலிருந்து சரிபார்ப்பை எடுத்துவிட்டு, சரிபார் என்ற தனி மெத்தடில் வைத்தேன். இப்போது என் கையில் இருக்கும் மரம் சரிபார்க்கப்பட்டதா இல்லையா என்பது யாருக்கும் தெரிவதில்லை. ஓரிடத்தில் இரண்டு முறை சரிபார்க்கிறோம், வேறோரிடத்தில் ஒரு முறைகூடச் சரிபார்ப்பதில்லை. சாதனத்துக்கு அனுப்பும் மெத்தடின் மேல் "இதற்கு முன் சரிபார் அழைக்கப்பட்டிருக்க வேண்டும்" என்று கமென்ட் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு கமென்டை நம்பி இருப்பது எனக்கு நிம்மதியாக இல்லை. சரிபார்ப்பு எப்போது நடக்க வேண்டும், கணு தன் ஸ்கீமாவைத் தானே சுமக்க வேண்டுமா, இலைக்கும் சேய்க்கணுக்களைத் தரும் மெத்தட் இருக்கத்தான் வேண்டுமா என்பவற்றில் அனுபவமுள்ளவர்களின் கருத்தை வேண்டுகிறேன்.

மறுமொழி 1

உங்கள் இடைமுகம் இரண்டு வேறு பொருள்களுக்கு ஒரே பெயரைச் சூட்டியிருக்கிறது என்பதே என் கணிப்பு. திருத்திக்கொண்டிருக்கும் மரம் ஒன்று. திருத்தி முடித்து, எல்லா விதிகளுக்கும் உட்பட்டது என்று உறுதிசெய்யப்பட்ட மரம் மற்றொன்று. முதலாவது இடையில் தவறாக இருக்கலாம், இருந்தே ஆக வேண்டும். இரண்டாவது ஒரு கணமும் தவறாக இருக்கக்கூடாது. யாங் மொழியே இந்தப் பிரிவினையை அறிந்துதான் எழுதப்பட்டிருக்கிறது. 2016இல் வந்த ஆர்எஃப்சி 7950, ரன்னிங் கான்ஃபிகரேஷன் (சாதனத்தில் இப்போது நடப்பில் இருப்பது) எப்போதும் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. கேண்டிடேட் கான்ஃபிகரேஷனுக்கோ (இன்னும் நடப்புக்கு வராத வரைவு), கமிட் (நடப்புக்குக் கொண்டுவருதல்) அல்லது வேலிடேட் (சரிபார்த்தல்) கேட்கப்படும்போதுதான் அந்தக் கட்டாயம் வருகிறது. சாதனம் உள்ளே கடைப்பிடிக்கும் இந்த ஒழுங்கை உங்கள் ஜாவா வகைகளும் அப்படியே காட்டட்டும்.

எனவே வரைவு என்றொரு வகையையும் மரம் என்றொரு வகையையும் தனித்தனியே வையுங்கள். மாற்றும் மெத்தடுகள் எல்லாம் வரைவில் மட்டுமே இருக்கும். மரத்தில் படிக்கும் மெத்தடுகள் மட்டுமே இருக்கும்; உருவான பின் அது மாறாது. வரைவிலிருந்து மரத்துக்குச் செல்ல ஒரே வாசல், அதில்தான் முழுச் சரிபார்ப்பும். சாதனத்துக்கு அனுப்பும் மெத்தட் வரைவை ஏற்காமல் மரத்தை மட்டுமே ஏற்கும்படி எழுதிவிட்டால், உங்கள் கமென்ட் சொன்னதைக் கம்பைலரே சொல்லிவிடும். ஸ்கீமாவை வைத்துத் தரவைக் கையாளும் புரோட்டோகால் பஃபரின் ஜாவா வடிவத்தைப் பாருங்கள்: பில்டர் மாறும், மெசேஜ் மாறாது, புரோட்டோ2 ஸ்கீமாவில் கட்டாயமான புலம் ஒன்று விடுபட்டிருந்தால் பில்ட் மெத்தட் எக்ஸப்ஷன் எறிகிறது. பில்ட்-பார்ஷியல் என்ற மெத்தட் அந்தச் சோதனையைத் தாண்டிச் செல்கிறது, ஆனால் அதுவும் அதே மெசேஜ் வகையைத்தான் திருப்பித் தருகிறது. அந்தப் பின்வாசலை உங்கள் லைப்ரரியில் வைக்காதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

வரைவில் எதையுமே சரிபார்க்கக் கூடாதா என்று கேட்பீர்கள். அப்படி இல்லை. நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: வேறு எந்தக் கணுவைத் திருத்தினாலும் இந்தப் பிழை தீராது என்றால், அதை அந்த இடத்திலேயே மறுத்துவிடலாம். ஆர்எஃப்சி 8344இல் ஐபிவி6 எம்டியு (ஒரே பொதியில் அனுப்பக்கூடிய உச்ச அளவு) 1280க்குக் குறையக்கூடாது. ஒருவர் அதற்கு 500 என்று கொடுத்தால், மரத்தின் மற்ற பகுதிகளை எப்படி மாற்றினாலும் 500 சரியாகப் போவதில்லை. உடனே எக்ஸப்ஷன் எறியலாம். ஸ்கீமாவில் இல்லாத பெயரில் சேயைச் சேர்ப்பதும் அவ்வாறே. உங்கள் டிஎச்சிபி உதாரணமோ இரண்டு கணுக்களைச் சார்ந்தது. அடுத்த வரியிலேயே சரியாகிவிடக்கூடியது. அதை வாசலுக்குத் தள்ளுங்கள். டைப் விடுபட்டதும் அதே இனம்தான்.

இந்த உடனடிச் சோதனையைத் தவிர்த்தால் என்ன நேரும் என்பதற்கு ஸ்கீமா சார்ந்த மற்றொரு தரவு லைப்ரரியான அப்பாச்சி ஏவ்ரோவின் ஜெனரிக் ரெக்கார்டு நல்ல பாடம். ஸ்கீமாவில் இல்லாத புலத்தின் பெயரைக் கொடுத்தால் அது உடனே மறுக்கிறது. ஆனால் எண் வேண்டிய புலத்தில் சரத்தை வைத்தால் வாய் திறப்பதில்லை. பிறகு எழுதும் வேளையில்தான் எக்ஸப்ஷன் வருகிறது, அப்போது தவறான மதிப்பை வைத்த வரி எங்கோ தொலைவில் இருக்கும்.

வாசலில் முதல் பிழையோடு நின்றுவிடாதீர்கள். ஜாவாவின் எக்ஸ்எம்எல் வேலிடேட்டர் தன்னிடம் எரர்-ஹேண்ட்லர் எதுவும் தரப்படாவிட்டால் முதல் பிழையிலேயே எக்ஸப்ஷன் எறிந்துவிடும்; நாற்பது பிழைகள் இருந்தால் பயனர் நாற்பது முறை முயல வேண்டியிருக்கும். வெற்றி அல்லது பிழைகளின் பட்டியல் என்று ஒரு முடிவைத் திருப்பித் தாருங்கள். ஒவ்வொரு பிழையிலும் கணுவின் முழுப் பாதை, மீறப்பட்ட விதி, ஸ்கீமா எழுதியவர் அந்த மஸ்ட் விதியோடு கொடுத்திருக்கும் எரர்-மெசேஜ் ஆகிய மூன்றும் இருக்கட்டும்.

மரம் என்ற வகையை ஒரு ரெக்கார்டாக (தரவைத் தாங்குவதற்கென்றே ஜாவாவில் உள்ள சுருக்கமான கிளாஸ்) எழுதினால் போதும். ஸ்கீமாவும் வேர்க்கணுவும் அதன் இரு உறுப்புகள். ஒவ்வொரு கணுவும் ஸ்கீமாவைச் சுமக்கத் தேவையில்லை.

மறுமொழி 2

மேலே எழுதியவரின் பிரிவினையை முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் ரெக்கார்டு என்ற ஆலோசனை அவர் கட்டிய வாசலையே திறந்துவிட்டுவிடும். ஜாவாவில் ரெக்கார்டின் முதன்மைக் கன்ஸ்ட்ரக்டர், அந்த ரெக்கார்டைவிடக் குறைந்த அணுகல் உடையதாக இருக்க முடியாது. மரம் பப்ளிக் என்றால் அதன் கன்ஸ்ட்ரக்டரும் பப்ளிக்தான். சரிபார்ப்பைத் தொடாமலேயே எவரும் ஒரு மரத்தை உருவாக்கிவிடலாம். முழுச் சரிபார்ப்பையும் கன்ஸ்ட்ரக்டருக்குள் வைக்கலாம் என்றால், பிழைகளைப் பட்டியலாகத் திருப்பித் தர அங்கே வழியில்லை. ஆகவே மரத்தை ஃபைனல் கிளாஸாக எழுதி, கன்ஸ்ட்ரக்டரை பிரைவேட் ஆக்குங்கள். உள்ளே இருக்கும் கணுக்களுக்கு ரெக்கார்டு நன்றாகப் பொருந்தும்: அவை தாங்கள் செல்லத்தக்கவை என்று எந்த உறுதியும் தருவதில்லை, வெறும் தரவுதான். உறுதி தருவது மரம் மட்டுமே.

இலைக்குச் சேய்க்கணு மெத்தட் வேண்டுமா என்ற உங்கள் மூன்றாவது ஐயத்துக்கு வருகிறேன். வேண்டாம். எல்லாக் கணுவுக்கும் ஒரே இடைமுகம் என்ற பழக்கம் நமக்கு டாம் (எக்ஸ்எம்எல் போன்ற ஆவணங்களை மரமாகக் காட்டும் வரையறை) வழியாக வந்தது. 1998இல் வெளிவந்த அந்த வரையறையில் எலிமென்ட், டெக்ஸ்ட், கமென்ட் எல்லாமே நோடு. நோடு-வேல்யூ கேட்டால் எலிமென்ட் நல் தரும், ஆட்ரிபியூட்டுகளைக் கேட்டால் எலிமென்ட் தவிர மற்றவை நல் தரும், டெக்ஸ்ட் கணுவில் சேயைச் சேர்த்தால் எக்ஸப்ஷன் வரும். எந்த மெத்தட் எந்தக் கணுவுக்குப் பொருந்தும் என்பதை நிரலர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இன்று அந்தச் சுமை தேவையில்லை. ஜாவா 17இல் நிலைபெற்ற சீல்டு இடைமுகமும் (எந்த வகைகள் அதை நிறைவேற்றலாம் என்று முன்பே வரம்பிடுவது) ஜாவா 21இல் நிலைபெற்ற ஸ்விட்ச் பேட்டர்ன் பொருத்தமும் (வகையைப் பார்த்துக் கிளை பிரிப்பது) இந்த வேலைக்கென்றே செய்தவை போல இருக்கின்றன. கணு என்பதைச் சீல்டு ஆக்கி, இலை, இலைப்பட்டியல், கொள்கலன், பட்டியல், பட்டியல் உறுப்பு, எனிடேட்டா (அமைப்பு முன்னரே வரையறுக்கப்படாத தரவு) ஆகியவற்றை மட்டும் அனுமதியுங்கள். கணுவில் பெயர் மட்டும் இருக்கட்டும். மதிப்பு இலையில், சேய்கள் கொள்கலனில். ஸ்விட்சில் ஒரு வகையை விட்டுவிட்டால் கம்பைலர் நிறுத்திவிடும். லைப்ரரியைப் பயன்படுத்துவோர் புதிய கணு வகைகளைச் சேர்க்க முடியாதே என்ற கவலை இங்கே எழாது. யாங்கில் கணு வகைகள் மொழியிலேயே முடிவானவை. உங்கள் திட்டம் ஜாவா மாட்யூல்களைப் பயன்படுத்தவில்லை என்றால் இந்த வகைகள் அனைத்தும் ஒரே பேக்கேஜில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

சாய்ஸ் (மாற்றுகளில் ஒன்றைத் தேர்வது), கேஸ் (அந்த மாற்றுகளில் ஒன்று) இரண்டையும் நான் அந்தப் பட்டியலில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. அவை ஸ்கீமா மரத்தில் இருக்கும், தரவு மரத்தில் தோன்றுவதில்லை. ஐபிவி4 முகவரிக்கு பிரீஃபிக்ஸ்-லெங்த் கொடுக்கலாம் அல்லது நெட்மாஸ்க் கொடுக்கலாம் என்பதை ஸ்கீமா ஒரு சாய்ஸாக எழுதியிருக்கிறது. தரவிலோ முகவரிக்கு அடியில் அந்த இலைகளில் ஒன்று நேரடியாக நிற்கும். ஸ்கீமா மரத்தை அப்படியே தரவு வகைகளாகப் படியெடுத்துவிட்டு, பிறகு இல்லாத கணுக்களைத் தாண்டித் தாண்டிப் பாதை எழுதும் நிலை பலருக்கு வந்திருக்கிறது.

தாய்க்கணுவைத் தரும் மெத்தடையும் கணுவிலிருந்து எடுத்துவிடுங்கள். கணுக்கள் மாறாதவை என்றால், தாயைச் சுட்டும் ஒரு கணு இரண்டு மரங்களில் பங்குகொள்ள முடியாது; ஒரு இலையை மாற்ற மரம் முழுவதையும் படியெடுக்க வேண்டிவரும். தாய் தேவைப்படும் இடங்களில், வேரிலிருந்து இறங்கி வந்த பாதையைத் தன்னோடு வைத்திருக்கும் ஒரு கர்சரைப் பயன்படுத்தலாம். எக்ஸ்பாத்தில் (மரத்தில் கணுக்களைச் சுட்டும் பாதை மொழி) மேலே செல்லும் இரட்டைப் புள்ளிக்கும் அந்தக் கர்சர் போதும்.

மறுமொழி 3

இருவரும் சொன்னவற்றோடு எனக்கு முரண்பாடு இல்லை. நான் நேரில் பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வகைகளையெல்லாம் சரியாகப் பிரித்த பிறகும் அது நடந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணிபுரிந்த ஒரு நிறுவனத்தில், ஃபயர்வால் விதிகளைக் கையாளும் இதே போன்ற லைப்ரரியை எழுதினோம். ஆர்எஃப்சி 8519இல் விதிகளின் பட்டியலுக்கு நேம் என்ற இலைதான் கீ (ஒவ்வோர் உறுப்பையும் அடையாளம் காட்டும் இலை). கூடவே, வரிசையைப் பயனரே தீர்மானிப்பார் என்ற குறிப்பும் உண்டு. விதிகள் மேலிருந்து கீழாகப் பொருத்திப் பார்க்கப்படுவதால் வரிசையே பொருள். கீ இருக்கிறதே என்று பட்டியலை மேப்பாக வைத்தோம். வரைவில் லிங்க்டு ஹாஷ்மேப் இருந்ததால் வரிசை நிலைத்திருந்தது. மாறாத மரமாக ஆக்கும் வாசலில் நான் மேப்-காப்பி-ஆஃப் என்ற மெத்தடைப் பயன்படுத்தினேன். அது தரும் மாறாத மேப்புக்கு வரிசை எதுவும் உறுதியில்லை; ஜேவிஎம் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் வரிசை வேறாகலாம்.

சோதனைகள் எல்லாம் தேறின. ஏன் தேறின என்பதுதான் எனக்குப் பின்னால் உறைத்தது: இரண்டு மேப்புகளை ஈக்வல்ஸ் மூலம் ஒப்பிட்டால் ஜாவா வரிசையைப் பார்ப்பதே இல்லை. உள்ளே சென்றதும் வெளியே வந்ததும் சமம் என்றே எங்கள் சோதனை எப்போதும் சொல்லிக்கொண்டிருந்தது. ஸ்கீமாச் சரிபார்ப்பும் தேறியது. எந்த வரிசையும் ஸ்கீமாவின் கண்ணில் செல்லத்தக்கதுதான். சர்வர் மறுதொடக்கமான ஒரு நாளில், எல்லாவற்றையும் தடுக்கும் கடைசி விதி, நிர்வாகத் தொடர்பை அனுமதிக்கும் விதிக்கு மேலே போய் நின்றது. சாதனத்துக்கான எங்கள் இணைப்பை எங்கள் கான்ஃபிகரேஷனே துண்டித்துவிட்டது. அதை மீட்கக் கன்சோல் கேபிளோடு ஒருவர் நேரில் போக வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து பட்டியல் என்ற ஒரே வகையை நான் வைப்பதில்லை. சாதனம் வரிசைப்படுத்தும் பட்டியல் ஒரு வகை, பயனர் வரிசைப்படுத்தும் பட்டியல் வேறு வகை. இரண்டாவதில் உண்மையான தரவு லிஸ்டில் இருக்கும். கீ மூலம் தேடுவதற்கு மட்டும் பக்கத்தில் ஒரு மேப் இருக்கும். ஈக்வல்ஸ் லிஸ்டின்மேல் நடக்கும். சிஸ்டம் மேப், யூசர் மேப் என்று இந்த இரண்டையும் ஓப்பன்டேலைட் திட்டத்தின் யாங்டூல்ஸ் தனித்தனி இடைமுகங்களாகவே வைத்திருக்கிறது. மறுமொழி 2 தந்த சீல்டு பட்டியலில் ஓரிடம் இரண்டாகப் பிரிய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேட்டவரின் தொடர்ச்சி

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வரைவையும் மரத்தையும் பிரித்து எழுதத் தொடங்கிவிட்டேன். டிஎச்சிபி சோதனை இரு வரிசையிலும் தேறுகிறது. பட்டியல் பற்றிய எச்சரிக்கை சரியான வேளையில் வந்தது, என் நிரலிலும் மேப்-காப்பி-ஆஃப் இருந்தது.

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. போர்ட்டின் எனேபிள்டு என்ற இலைக்கு இயல்புமதிப்பு ட்ரூ. பயனர் அதை எழுதாவிட்டால் வாசலில் நாங்களே மரத்தில் நிரப்பிவிடலாமா? மேலும், பெரிய சாதனங்களின் மரத்தில் பல்லாயிரம் இலைகள் இருக்கின்றன. ஒரு இலையை மாற்றினாலும் முழு மரத்தையும் மீண்டும் சரிபார்க்க வேண்டுமா?

மறுமொழி 2 எழுதியவர், மீண்டும்

நிரப்பாதீர்கள். பயனர் ட்ரூ என்று எழுதியதும், எதுவும் எழுதாமல் விட்டு ட்ரூ ஆனதும் சாதனத்தின் பார்வையில் வேறாக இருக்கலாம். இயல்புமதிப்புகளைச் சாதனம் எப்படிக் கையாளும் என்பதற்கு ரிப்போர்ட்-ஆல், ட்ரிம், எக்ஸ்ப்ளிசிட் என்ற முறைகளை ஆர்எஃப்சி 6243 பிரித்து வைத்திருப்பதே அதனால்தான். ஒரு குறிப்பிட்ட சாதனம் டீவியேஷன் (ஸ்கீமாவிலிருந்து தான் விலகும் இடத்தைச் சாதனம் அறிவிக்கும் குறிப்பு) வழியாக இயல்புமதிப்பை மாற்றிக்கொள்ளவும் யாங் இடம் தருகிறது. நீங்கள் மரத்தில் எழுதிவைத்த ட்ரூ அப்போது பயனர் கேட்காத கட்டளையாகிவிடும். மரத்தில் எழுதப்பட்டது மட்டும் இருக்கட்டும். எழுதிய மதிப்பு என்ற மெத்தட் ஆப்ஷனலைத் தரட்டும். நடப்பு மதிப்பு என்ற மெத்தட், எழுதப்படாதபோது ஸ்கீமாவைக் கேட்டுத் தரட்டும். இரண்டாவது மெத்தடுக்கு ஸ்கீமா தேவை என்பதால் அது கணுவில் இராமல் மரத்தில் இருக்கும். மஸ்ட் விதிகளின் எக்ஸ்பாத் இயங்கும்போது நடப்பில் உள்ள இயல்புமதிப்புகளும் மரத்தில் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்று ஆர்எஃப்சி 7950 சொல்கிறது. ஆகவே சரிபார்ப்பான் எப்போதும் நடப்பு மதிப்பின் வழியாகவே படிக்க வேண்டும்.

இரண்டாவது ஐயத்துக்கு, மாறாத கணுக்கள் கைகொடுக்கும். ஆறாம் ஆழத்தில் உள்ள ஓர் இலையை மாற்றினால், வேரிலிருந்து அந்த இலை வரையுள்ள கணுக்கள் மட்டுமே புதிதாக உருவாகும். மற்ற கிளைகள் பழைய மரத்தோடு பகிரப்படும். புதிய மரத்தைப் பழையதோடு ஒப்பிட்டு இறங்கும்போது, இரண்டிலும் அதே ஆப்ஜெக்ட் நின்றால், வகையும் எல்லையும் சார்ந்த சோதனைகளை அந்தக் கிளை முழுவதும் விட்டுவிடலாம்.

பல கணுக்களைச் சார்ந்த விதிகளை மட்டும் அப்படி விட முடியாது. ஈத்0 என்ற போர்ட்டை நீக்கினால், அதை லீஃப்ரெஃப் (மற்றோர் இலையின் மதிப்பைச் சுட்டும் இலை வகை) மூலம் சுட்டிக்கொண்டிருந்த ரூட்டிங் பதிவு, தன் கிளையில் எதுவும் மாறாத நிலையிலேயே, செல்லாததாகிவிடும். ஸ்கீமாவை ஏற்றும் வேளையிலேயே ஒவ்வொரு மஸ்ட், வென் (ஒரு கணு எப்போது இருக்கலாம் என்ற நிபந்தனை), லீஃப்ரெஃப் விதியும் எந்தெந்த ஸ்கீமாப் பாதைகளைப் படிக்கிறது என்று எடுத்து, பாதையிலிருந்து விதிக்குச் செல்லும் ஒரு தலைகீழ் அட்டவணையைக் கட்டி வையுங்கள். மாற்றம் நடந்த பாதைகளுக்கும் அவற்றுக்கு அடியில் நீக்கப்பட்டவற்றுக்கும் அந்த அட்டவணை சுட்டும் விதிகளை மட்டும் இயக்கினால் போதும். இரட்டைச் சாய்கோட்டில் தொடங்கி மரம் முழுவதும் தேடும் எக்ஸ்பாத்துகள் எதைப் படிக்கும் என்று முன்கூட்டியே அறிய முடியாதவையாக இருந்தால், அவற்றைத் தனிப் பட்டியலில் வைத்து ஒவ்வொரு முறையும் இயக்கிவிடுங்கள். அட்டவணையை எழுதி முடித்ததும், ஒரே மாற்றத்துக்கு முழுச் சரிபார்ப்பும் பகுதிச் சரிபார்ப்பும் ஒரே பிழைப் பட்டியலைத் தருகின்றனவா என்று தற்செயலாகத் தேர்ந்தெடுத்த திருத்தங்களைக் கொண்டு சோதியுங்கள். விதி ஒன்று அட்டவணையில் விடுபட்டிருந்தால் அங்கே பிடிபட்டுவிடும்.